தேக்காவில் வேரூன்றிய சங்கங்கள்: சிங்கப்பூர்த் தமிழரின் அடித்தளப் பணி வரலாறு

சிங்கப்பூர்த் தமிழரின் பொதுவாழ்வு மிகச் சாதாரணமான தேவைகளிலிருந்து வளர்ந்தது. உழைத்த கூலி கைக்கு வர வேண்டும், பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், குடும்பத்துப் பணம் கள்ளுக்கடையில் கரையாமல் இருக்க வேண்டும், ஊரை விட்டு அனுப்பப்படாமலிருக்க ஒரு குடியுரிமைச் சான்று வேண்டும் என்பவையே தலைமுறை தலைமுறையாக இங்குள்ள தமிழர் கூடிப் பேசிய செய்திகள். அவற்றுக்காகத் தோன்றிய சங்கங்கள், பள்ளிகள், பத்திரிகைகள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றின் வரலாறு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் நீள்கிறது. சிராங்கூன் சாலையும் அதன் கிளைத் தெருக்களும் சேர்ந்த லிட்டில் இந்தியா, உள்ளூர்த் தமிழர் வாயில் தேக்கா, அந்த வரலாற்றின் முதன்மையான களங்களுள் ஒன்று.

இடமும் மக்களும்

1819-இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளத்தை நிறுவிய அதே ஆண்டில், பினாங்கிலிருந்து நாராயண பிள்ளை அவருடன் வந்து சேர்ந்தார். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்ட அவரை இத்தீவின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்று கருதுவர். நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களும், செட்டிநாட்டிலிருந்து நகரத்தாரும், தமிழ் மாவட்டங்களிலிருந்து கூலி வேலைக்காரர்களும் தொடர்ந்து வந்தார்கள். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான கைதிகளும் சாலைகள் போட்டார்கள், கட்டடங்கள் எழுப்பினார்கள். புனித அந்திரேயா தேவாலயம் அவர்கள் உழைப்பில் உருவானது.

சிராங்கூன் சாலைப் பகுதியில் முதலில் தழைத்தவை சூளைகளும் மாட்டு வணிகமும். நீரும் புல்லும் நிறைந்த தாழ்நிலம் ஆதலால் மாட்டுப் பட்டிகள் பெருகின. பஃப்ளோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் அந்தத் தொழிலின் நினைவைச் சுமக்கின்றன. கெர்பாவ் என்பது மலாயில் எருமையைக் குறிக்கும். சுண்ணாம்புச் சூளைகளில் வேலை செய்தவர்களின் குடியிருப்புக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயர் வழங்கியது. அவர்கள் வழிபட்ட காளியம்மன் கோயிலே இன்றைய ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். பழைய தலைமுறைக்கு அது சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்தான். 1915-இல் இங்கு எழுந்த தேக்கா சந்தை சுற்று வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது.

இப்படி வந்தவர்களில் மிகப் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். சில ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்துத் திரும்புவதே அவர்கள் எண்ணம். நகராண்மைக் கழகம், துறைமுகம், ரயில்வே, பின்னாளில் செம்பவாங் கடற்படைத் தளம் ஆகியவை அவர்களை வேலைக்கு அமர்த்தின. நீண்ட வரிசைக் கொட்டகைகளே வீடாக இருந்தன. நோய், கடன், வேலை இழப்பு, சாவு என்று எது நேர்ந்தாலும் கைகொடுக்க உறவினர் அருகில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே கூட்டமைப்புகள் பிறந்தன.

கோயிலும் பள்ளிவாசலும் கிட்டங்கியும்

தொடக்கத்தில் கூட்டமைப்பின் வடிவம் வழிபாட்டிடம். 1827-இல் நாராயண பிள்ளை சவுத் பிரிட்ஜ் சாலையில் நிறுவிய மாரியம்மன் கோயில், புதிதாக வந்திறங்கியவர்கள் வேலை கிடைக்கும் வரை தங்கும் இடமாகவும் இருந்தது. தமிழ் முஸ்லிம்களுக்கு ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் நாகூர் தர்காவும், தமிழ்க் கத்தோலிக்கருக்கு 1888-இல் ஓஃபிர் சாலையில் கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயமும் அதே பணியைச் செய்தன. நகரத்தார் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் எனப்பட்ட கூட்டுத் தங்குமிடங்களில் தங்கி வட்டித் தொழில் நடத்தினார்கள்; 1859-இல் டேங்க் சாலையில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினார்கள்.

இந்த ஏற்பாடுகள் தம் மக்களைக் காத்தன. அதே சமயம் சாதியாலும் சமயத்தாலும் பிறந்த ஊராலும் தமிழரைப் பிரித்தும் வைத்தன. கோயில் நிர்வாகம் வசதி படைத்த வணிகர் கையில் இருந்தது. தெருக் கூட்டுபவரும் மூட்டை தூக்குபவரும் அங்கே குரல் எழுப்ப முடியவில்லை. 1900-களின் தொடக்கத்தில் காலனி அரசு முகமதிய, இந்து அறக்கட்டளை வாரியத்தை அமைத்துச் சில கோயில்களின் பொறுப்பை ஏற்றது. கூலித் தொழிலாளியின் அன்றாடத் துயரங்கள் அந்த வாரியத்தின் வரம்பில் அடங்கவில்லை. எல்லாத் தமிழருக்கும் பொதுவான ஒரு சங்கம் அமைய இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

தமிழர் சீர்திருத்தச் சங்கம்

அந்தத் திருப்பத்தைக் கொண்டுவந்தது பெரியார் ஈ.வெ. இராமசாமியின் மலாயாப் பயணம். 1929 டிசம்பரில் வந்த அவர் பல ஊர்களில் பேசிச் சிங்கப்பூருக்கும் வந்தார். பிறப்பால் எவரும் தாழ்ந்தவரில்லை, மணவினைக்குச் சடங்கு தேவையில்லை, உழைத்த பணத்தைத் திருவிழாச் செலவிலும் குடியிலும் அழிக்கக் கூடாது என்ற அவர் பேச்சு, ஊர்க் கட்டுப்பாடுகளிலிருந்து கடல் கடந்து வந்திருந்த தொழிலாளரிடையே வேகமாகப் பரவியது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது.

சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் கோ. சாரங்கபாணி தலையாயவர். திருவாரூரில் 1903-இல் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் வந்தவர். கடைக் கணக்கராக வாழ்வைத் தொடங்கிப் பத்திரிகையாளராக வளர்ந்தவர். 1935 ஜூலை 6 அன்று சங்கத்தின் வார இதழாகத் தமிழ் முரசு வெளிவந்தது. விலை ஒரு காசு. ஒரே பிரதியைக் கடைத் திண்ணையிலோ தங்குமிடத்திலோ ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கலாம் என்பதால் எழுத்தறியாதவரையும் அது எட்டியது. அதற்கு முன்பும் சிங்கப்பூரில் தமிழ் இதழ்கள் இருந்தன. 1887-இல் தொடங்கிய சிங்கை நேசன் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆனால் உழைப்பாளியின் கவலைகளை முதன்மைச் செய்தியாக்கியது தமிழ் முரசின் தனிச்சிறப்பு. இரண்டே ஆண்டுகளில் அது நாளிதழாயிற்று.

சங்கத்தின் திட்டங்கள் வீட்டு வாசலில் தொடங்கின. கைம்பெண் மறுமணத்தையும் சாதி கடந்த திருமணத்தையும் அது ஆதரித்தது. சாதி வேற்றுமையையும் கோயில்களில் உயிர்ப்பலியையும் எதிர்த்தது. மதுவிலக்குப் பிரசாரம் அதன் பெரும் பணிகளுள் ஒன்று. கள் விற்பனையால் அரசுக்கு வருமானம் கிடைத்தது; தொழிலாளியின் சம்பளத்தில் பெரும் பங்கு கள்ளுக்கடைக்கே போயிற்று. ஆகவே கள்ளுக்கடையை எதிர்ப்பது ஒழுக்கப் போதனை என்ற எல்லையைத் தாண்டிக் கூலிப் போராட்டத்தின் பகுதியாகவும் ஆனது.

இந்த இயக்கத்துக்கு எதிர்ப்பும் வலுவாக இருந்தது. காவடி, தீமிதி போன்ற வழிபாடுகளைச் சங்கம் குறைகூறியது பக்தர்களைப் புண்படுத்தியது. அந்த வழிபாடுகள் மறையவுமில்லை. தைப்பூசமும் தீமிதியும் இன்றளவும் சிங்கப்பூரின் பெருவிழாக்கள். சமய வாழ்வை மாற்றியதைவிட, எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் மேடையேறிப் பேசலாம், சந்தா செலுத்தி உறுப்பினராகலாம், பொறுப்புக்கு வரலாம் என்ற பழக்கத்தைப் பொதுவாழ்வில் நிலைநாட்டியதுதான் சங்கத்தின் நிலையான சாதனை. பின்வந்த தொழிற்சங்கங்களுக்கும் மொழி அமைப்புகளுக்கும் அந்தப் பழக்கமே அடித்தளமாயிற்று.

கூலியும் மரியாதையும்

1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவியுடன் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடை செய்தது. தோட்டக் கூலி குறைக்கப்பட்டதே அதற்குக் காரணம். புதிய ஆள் வரத்து நின்றதால் ஏற்கெனவே இருந்த தொழிலாளிகளின் பேரம் பேசும் வலிமை கூடியது. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் அதன் உச்சம். தமிழ்ப் பத்திரிகையாளர் ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர்.

அந்தத் தொழிலாளர் வைத்த கோரிக்கைகள் தமிழர் உரிமை வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கவை. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, கொடுமை செய்யும் மேலாட்களை நீக்குதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு, துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கும் மானத்துக்கும் இடையே அவர்கள் கோடு கிழிக்கவில்லை. நாதன் கைதான பின் போராட்டம் பரவியது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

ஜப்பானிய ஆட்சிக் காலம் (1942–1945) சிங்கப்பூர்த் தமிழரைப் புடம்போட்டது. மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டார்கள். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் இந்திய தேசிய ராணுவத்தில் தமிழ்த் தொழிலாளர் திரளாகச் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் இடம்பெற்றார்கள். அணிவகுத்து நடக்கவும், கட்டளையிடவும், மேடையில் பேசவும் கற்ற இவர்கள் போருக்குப் பின் பழைய பணிவுக்குத் திரும்பவில்லை.

1945 அக்டோபரிலேயே துறைமுகத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, ஜாவாவில் டச்சுக்காரருக்குப் போகும் ஆயுதக் கப்பல்களில் சரக்கு ஏற்ற மாட்டோம் என்பதும் அவர்களின் நிலைப்பாடு. அடுத்த மூன்று ஆண்டுகள் தொழிற்சங்கங்களின் பொற்காலம். எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார், ப. வீரசேனன் சிங்கப்பூர்த் தொழிற்சங்க இயக்கத்தில் முன்னணியில் நின்றார். 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. தொழிற்சங்கங்கள் கலைக்கப்பட்டன. 1949 மே மாதத்தில் கணபதி தூக்கிலிடப்பட்டார். வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் சார்ந்த கம்யூனிச இயக்கத்தைப் பற்றி எந்தக் கருத்து இருந்தாலும், கூலித் தமிழனின் குரலை மலாயா முழுவதும் ஒலிக்கச் செய்தவர்கள் என்ற இடம் அவர்களுக்கு உண்டு.

பள்ளி கட்டிய கடையநல்லூரார்

அரசியல் போராட்டம் ஒடுக்கப்பட்ட ஆண்டுகளில் அமைதியாக வளர்ந்தது கல்விப் பணி. காலனி அரசு மலாய்க் கல்விக்கும் ஆங்கிலக் கல்விக்கும் காட்டிய அக்கறையைத் தமிழ்ப் பள்ளிகளிடம் காட்டவில்லை. தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் ஓரறை, ஈரறைக் கூடங்கள். சங்கங்களும் சமய அமைப்புகளும் நன்கொடையால் அவற்றை நடத்தின. 1928-இல் சிங்கப்பூரில் கால்பதித்த ராமகிருஷ்ண மிஷன் சிராங்கூன் வட்டாரத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பள்ளிகள் நடத்தியது.

இந்தப் பணியில் ஒளிவிடும் பெயர் கடையநல்லூர். நெல்லைச் சீமையின் அந்த ஊரில் கைத்தறி நலிந்தபோது நெசவாளர் குடும்பங்கள் சிங்கப்பூருக்கு வந்து தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறின. ஆண்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் உழைத்தார்கள். பெண்களில் பலர் மசாலை அரைத்து வீடு வீடாகக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். மற்றத் தமிழரைப் போலன்றிக் குடும்பத்தோடு வந்தவர்கள் என்பதால் பள்ளிக்கூடம் இவர்களுக்கு உடனடித் தேவையாக இருந்தது. 1941-இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்ததும் 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

முஸ்லிம் சங்கம் நடத்திய அப்பள்ளியில் எல்லாச் சமயத் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தார்கள். 1960-இல் அது உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. தொடக்கப் பள்ளியோடு தமிழ்வழிக் கல்வி நின்றுவிடாமல் மேலே செல்ல வழி திறந்தது. எளிய உழைப்பாளிகளின் நன்கொடையில் வளர்ந்த பள்ளி, நாட்டின் தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கே அடையாளமாயிற்று என்பது இந்த வரலாற்றின் பெருமிதமான பக்கங்களில் ஒன்று. 1951-இல் அமைந்த சிங்கப்பூர் தமிழாசிரியர் சங்கம் குறைந்த சம்பளத்தில் உழைத்த தமிழாசிரியர்களுக்குக் குரல் கொடுத்தது.

ஆங்கிலம் வேலைவாய்ப்பின் மொழியானபோது பெற்றோர் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து விலகினார்கள். பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் அறிவிப்பு 1968-இல் வந்து கடற்படைத் தளத்தில் ஆட்குறைப்பு நடந்ததும் பல இந்தியத் தொழிலாளர் தாயகம் திரும்பினார்கள். மாணவர் எண்ணிக்கை சரிந்தது. 1982-இல் உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. தமிழ்வழிப் பள்ளிக் கல்வி அத்துடன் முடிந்தாலும், அதே பெயரில் அமைந்த உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் தமிழை இரண்டாம் மொழியாகப் பயிலும் மாணவர்களுக்குத் தொடர்ந்து கற்பிக்கிறது.

மொழியும் குடியுரிமையும்

1950-களில் சிங்கப்பூர் தன்னாட்சியை நோக்கி நகர்ந்தது. இங்கே இருப்பதா, திரும்புவதா என்ற கேள்வி ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் எழுந்தது. 1951-இல் பல சங்கங்களை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவரத் தமிழர் பேரவை அமைந்தது. சமயம், சாதி, ஊர் என்ற பிரிவுகளுக்கு அப்பால் எல்லாரும் கூடும் நாளாகப் பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் 1952 முதல் கொண்டாடப்பட்டது. பேச்சு, கட்டுரை, பாட்டு, நாடகப் போட்டிகள் நடந்தன. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றப் பகுதி வளர்த்த இளைஞர் பலர் பின்னாளில் எழுத்தாளரும் ஆசிரியரும் ஆனார்கள்.

அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, தமிழே அதன் முதன்மை மொழியாக வேண்டும் என்று தமிழ் முரசு கிளர்ச்சி செய்தது. “தமிழ் எங்கள் உயிர்” என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளரும் சிறுகடைக்காரரும் தம்மால் இயன்ற வெள்ளிகளைக் கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது; திரட்டிய நிதி அதன் தமிழ் நூல் சேகரிப்புக்கு உதவியது. பல்கலைக்கழக வாசலை மிதிக்க வாய்ப்பில்லாதவர்கள் அதன் நூலகத்துக்காகப் பணம் கொடுத்தது, தம் பேரப்பிள்ளைகள் அங்கே நுழைவார்கள் என்ற நம்பிக்கையின் வெளிப்பாடு.

அடுத்த வேலை குடியுரிமை. 1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் பிறந்து குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர்கள் பதிவு செய்துகொள்ள முடிந்தது. பல தமிழர் தயங்கினார்கள். இந்தியக் குடியுரிமையை விட்டால் ஊரில் உள்ள நிலம் என்னாகும், பெற்றோரைப் பார்க்கப் போக முடியுமா என்ற அச்சம் இருந்தது. சாரங்கபாணி நாளிதழ் வழியாகவும் கூட்டங்கள் வழியாகவும் பதிவு செய்யுமாறு விடாமல் வற்புறுத்தினார். அந்த வற்புறுத்தலின் மதிப்பு 1960-களின் பிற்பகுதியில் தெரிந்தது. வேலை அனுமதி முறை வந்து குடிமகன் அல்லாதவரின் வாழ்க்கை ஊசலாடியபோது, இளஞ்சிவப்பு நிற அடையாள அட்டை வாங்கியிருந்த குடும்பங்கள் நிலைத்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடும் பள்ளி இடமும் வாக்குரிமையும் அவர்களுக்கு உரியவை ஆயின.

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் ஏற்கப்பட்டது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இந்தியர்களில் ஒரு பகுதியினரின் மொழி அந்தத் தகுதியைப் பெற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. திருநாளும் நிதியும் குடியுரிமைப் பதிவும் தமிழரை ஒரு கணக்கில் கொள்ளத்தக்க மக்கள் கூட்டமாக ஆக்கியிருந்தது அவற்றுள் முக்கியமானது.

சங்கப் பணி அரசுப் பணியானது

1959-இல் தன்னாட்சி வந்தபின் அடித்தளப் பணியின் இயல்பு மாறியது. 1960-இல் மக்கள் கழகம் நிறுவப்பட்டது. சமூக மன்றங்கள் பெருகின. 1978 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளில் வசிப்போர் குழுக்கள் அமைந்தன. சங்கங்கள் செய்துவந்த வாசிப்புக்கூடம், தையல் வகுப்பு, பாலர் பள்ளி, தகராறு தீர்த்தல் ஆகியவை அரசு சார்ந்த அமைப்புகளுக்கு மாறின. மக்கள் கழகத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் தொகுதிதோறும் தமிழ் நிகழ்ச்சிகளை நடத்தலாயின. 1961-இல் வந்த மாதர் சாசனம் முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தைச் சட்டமாக்கியது. திருமணச் சீர்திருத்தம் பேசிய சங்கங்கள் பிரசாரம் செய்து சாதிக்க முடியாததைச் சட்டம் ஒரே நாளில் செய்தது.

சிராங்கூன் சாலையிலிருந்து குடும்பங்கள் தோ பாயோ, அங் மோ கியோ போன்ற புதிய நகரங்களுக்குப் போயின. பழைய தேக்கா சந்தைக்கு மாற்றாகப் புதிய கட்டடம் 1982-இல் திறக்கப்பட்டது. 1989-இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் மரபு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளின் முகப்பு காப்பாற்றப்பட்டது. மாடியில் குடியிருந்தவர்களில் பலர் அப்போது அங்கில்லை.

பேட்டைகளில் சிதறி வாழ்ந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பில், குறிப்பாகக் கணிதத்தில், பின்தங்குவது 1980-களில் வெளிப்படையாயிற்று. அதை ஆராய்ந்த நடவடிக்கைக் குழுவின் பணியிலிருந்து சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா 1991-இல் செயலுக்கு வந்தது. வேலை செய்யும் இந்தியர்கள் மாதச் சம்பளத்திலிருந்து மத்திய சேம நிதி வழியாக ஒரு சிறு தொகை செலுத்துகிறார்கள். அந்தப் பணம் துணைப்பாட வகுப்புகளுக்கும் குடும்ப உதவிக்கும் போகிறது. அன்று உண்டியலில் விழுந்த காசுக்கு இன்று முறையான கணக்கு உண்டு. கொடுப்பவர்கள் அதே உழைப்பாளர்கள்தாம்.

மீண்டும் புதிதாக வந்தவர்கள்

குடிமக்களின் தேவைகளை அரசும் நாடளாவிய அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட அதே காலத்தில், எந்த அமைப்பின் வரம்பிலும் சேராத ஒரு கூட்டம் தேக்காவில் பெருகியது. கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த தமிழ்நாட்டு, பங்களாதேஷ் ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பணம் அனுப்பவும் சாமான் வாங்கவும் ஊர்க்காரரைப் பார்க்கவும் இங்கு கூடினார்கள். முகவருக்குக் கொடுத்த பணத்துக்காகப் பல மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கடனாகச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். நூறாண்டுக்கு முன் சிங்கப்பூருக்கு வந்த கூலித் தமிழரின் நிலையே அவர்களுடையது: குடும்பம் ஊரில், கடன் தலைமேல், தங்குமிடம் முதலாளி கொடுப்பது.

அவர்களுக்காகப் புதிய தன்னார்வ அமைப்புகள் எழுந்தன. 2001-இல் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் முதலாளியின் கொடுமையால் இறந்த செய்தி பலரை உலுக்கியது. பிரேமா மதி முதலியோர் கூடி நடத்திய குழு, 2004-இல் டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற பதிவுபெற்ற சங்கமானது. டிடபிள்யூசி2 என்பது அதன் சுருக்கப் பெயர். அதே ஆண்டில் ஹோம் என்ற அமைப்பும், 2006-இல் மருத்துவ உதவிக்கு ஹெல்த்சர்வ் அமைப்பும் தொடங்கின.

பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற கோரிக்கையை இவ்வமைப்புகள் பல ஆண்டுகள் வற்புறுத்தின. 2013 ஜனவரி 1 முதல் அது சட்டமானது. ஆண் ஊழியர்களின் சிக்கல் வேறு வகை. வேலையில் அடிபட்டவரும் சம்பள பாக்கிக்குப் புகார் செய்தவரும் வேலை அனுமதியை இழந்து, வழக்கு முடியும் வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் தங்க நேர்ந்தது. அதில் வேலை செய்ய இயலாது, வருமானம் இல்லை. பசியைத் தாங்க முடியாமல் நியாயமான இழப்பீட்டைக் கைவிட்டு ஊர் திரும்புவது எளிதில் நடக்கும். ஆகவே 2008 மார்ச்சில் டிடபிள்யூசி2 லிட்டில் இந்தியாவின் கஃப் சாலையில் ஓர் உணவகத்தோடு ஏற்பாடு செய்து இலவச உணவு வழங்கத் தொடங்கியது. சாப்பிட வருபவரின் வழக்கு விவரத்தைத் தன்னார்வலர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மனிதவள அமைச்சில் என்ன சொல்ல வேண்டும், எந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று விளக்கினார்கள். சோறு கொடுத்த மேசையே சட்ட உதவி மேசையும் ஆனது. சம்பளச் சீட்டு இல்லாததால் பாக்கியை நிரூபிக்க முடியாத நிலை வழக்குக்கு வழக்கு தெரிந்தது. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளிகளின் கடமையாயிற்று.

2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் மாண்டார். கூடியிருந்தவர்கள் கொதித்தெழுந்து வாகனங்களைத் தாக்கினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூர் காணாத கலவரம் அது. 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, விபத்தைப் பற்றிய தவறான புரிதலும் மதுவுமே முதன்மைக் காரணங்கள் என்றும், வேலை, தங்குமிடக் குறைகள் காரணமல்ல என்றும் முடிவு கூறியது. 2015-இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஞாயிறு நெரிசல், குப்பை, சத்தம் பற்றி நெடுங்காலமாகக் குறை சொல்லிவந்த குடியிருப்பாளருக்கு அது ஆறுதல். வாரத்தில் ஒரு நாள் மட்டும் மூச்சுவிடும் ஊழியருக்கு அந்த இடமும் சுருங்கியது. இரு தரப்பின் அன்றாடத் தேவைகளும் நியாயமானவை. அவற்றை ஒரே தெருவில் பொருத்துவதே லிட்டில் இந்தியாவின் நிலையான சிக்கல்.

2020-இல் கொவிட்-19 பரவியபோது தங்கும் விடுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 3,23,000 ஊழியர்களின் நிலை நாடு முழுவதற்கும் கண்கூடாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான அரசுக் கணக்குப்படி அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. ஓர் அறையில் பலர் நெருங்கி வாழ்வதன் ஆபத்தைத் தன்னார்வ அமைப்புகள் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தன. அந்த மாதங்களில் உணவு கொண்டு சென்றவர்கள், கைத்தொலைபேசிக்குப் பணம் நிரப்பியவர்கள், தமிழிலும் வங்காளத்திலும் மருத்துவருக்கு மொழிபெயர்த்தவர்கள் எனச் சாதாரணக் குடிமக்கள் பலர் முன்வந்தார்கள். 2021-இல் புதிய விடுதிகளுக்கான தரநிலை அறிவிக்கப்பட்டது: ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர் இடம். ஆனால் விடுதியை விட்டு வெளியே செல்வதற்கான கட்டுப்பாடுகள் படிப்படியாகவே தளர்ந்தன. 2022-இல்கூட ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வர விடுதி ஊழியர்களுக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது.

இந்த இரு நூற்றாண்டு வரலாற்றில் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. தேவையை முதலில் கண்டுகொள்பவர் பக்கத்தில் இருப்பவர். அவர் கைப்பொருளைக் கொண்டு ஓர் ஏற்பாடு செய்கிறார். அந்த ஏற்பாடு பயன்படுவதைக் கண்டபின் சட்டமும் அரசும் அதை ஏற்கின்றன. பள்ளி, மொழித் தகுதி, ஓய்வுநாள், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் பின்னால் இதே வரிசை இருக்கிறது. சட்டம் வந்தபின் பழைய சங்கத்தின் வேலை குறைகிறது, ஆனால் சட்டத்தின் வரம்புக்கு வெளியே புதிதாக வந்தவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். கனவுந்துகளின் பின்புறத்தில் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று தன்னார்வ அமைப்புகள் வைக்கும் கோரிக்கை இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. குடியுரிமை பெற்று வேரூன்றிய தமிழ்ச் சமூகத்தின் முன்னோரும் ஒரு காலத்தில் அதே நிலையில் இருந்தவர்கள் என்பதால், அந்தக் கோரிக்கை அவர்களுக்கும் சொந்தமானது.